ஆயாக் கொட்டகைப் பட்டியல்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, முறுக்கு டப்பாவையும் காலி செய்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். "அக்கா, இந்த வேலைல எப்பயாச்சும் பயந்திருக்கீங்களா?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பழைய பட்டியல்களில் மூதாதையர் பெயர் தேடிக் கொடுக்கும் நம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாதவர்களிடம் இதையெல்லாம் சொல்வதா என்று யோசனை. இப்போது எழுதியே தந்துவிடுகிறேன். படித்துவிட்டு வேலையை விட்டு ஓடினால் நான் பொறுப்பல்ல.

பயந்திருக்கிறேன். இரண்டு முறை. முதலாவது சின்னது.

ஈப்போவில் ஒரு குடும்பம். ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போன இடத்தில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டிருக்கிறார். அப்பா பெயர் தெரியும், தாத்தா பெயர் தெரியும், கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டதும் எல்லோரும் முழித்திருக்கிறார்கள். நம்மிடம் வந்தார்கள். நான் ஒரு பழைய தோட்டத்தின் இடுகாட்டுப் பட்டியலைப் பார்த்து, ராமசாமி என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். நான்கு வருடம் அந்தப் பெயருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அதே தோட்டத்தில் இரண்டு ராமசாமி இருந்திருக்கிறார்கள். இவர்களுடையவர் மற்றவர்.

வெட்கத்தை விட்டுப் போய்ச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா சொன்னார்: "பரவால்ல லா. நாலு வருசமா ஒரு மனுசன் நம்ம வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப எந்திரிச்சுப் போங்கன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பேருக்கும் போட்டுடறோம்." அவர் விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. என் பேனாவால் முன்பின் தெரியாத ஒருவரை அந்த வீட்டுக்குள் அனுப்பிவிட்டேனே என்று, படி இறங்கி வரும்போதுதான் பயம் வந்தது.

இனி இரண்டாவது.

அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மையார் மின்னஞ்சல் அனுப்பினார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய குடும்பத்தின் மூதாதை, அமெரிக்கா என்று ஒரு நாடு உருவாவதற்கு முன், அது ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் ஏராளமான நிலம் வைத்திருந்தவர். அந்த வட்டாரத்து ஊர்க்காவல் படைக்குக் கேப்டனும் அவரே. அவரில் தொடங்கி இன்றுவரை ஒரு கிளை விடாமல் தேடி எழுதி, புத்தகமாக அச்சடிக்கப் போகிறார் இந்த அம்மையார். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒரு கட்டம் இருந்தது ஈப்போவுக்குப் பக்கத்தில், நம் கோப்பெங்கில்.

விஷயம் இதுதான். அந்த வம்சத்தின் ஒரு கிளையில் வந்த ஒருவர் மலாயாவுக்கு வந்து, கோப்பெங்குக்கு அப்பால் ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தை வாங்கினார். இங்கிருந்த தொண்டர் படையில் சேர்ந்து அவரும் கேப்டன் ஆனார். தோட்டத்து மக்களுக்கு அவர் கேப்டன் துரை. கல்யாணம் ஆனதாக எந்தக் காகிதமும் இல்லை. ஆனால் ஊரிலிருந்த தங்கைக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: "எனக்கு ஒரு மகன் இருக்கிறான்." பெயர் இல்லை, தாய் யாரென்றும் இல்லை. ஜப்பான்காரன் வந்தான். துரை படையோடு சிங்கப்பூர்ப் பக்கம் போனவர் திரும்பவில்லை. சண்டை முடிந்தபின் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, துரையின் மேசையில் மிஞ்சியிருந்த ஒரு நோட்டை அவர் தங்கைக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்.

அந்த நோட்டின் படத்தையும், முதல் கேப்டன் கைப்பட எழுதிய பழைய படைப் பட்டியலின் படத்தையும் அம்மையார் சேர்த்தே அனுப்பியிருந்தார். முதல் கேப்டன் மாதம் ஒரு நாள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவாராம். பதில் சொன்னவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு. சண்டையில் செத்துப்போனவர்களின் பெயர்களை அவர் கடைசிவரை பட்டியலிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் பெயர்களையும் கூப்பிட்டுவிட்டு, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்பாராம். பிறகுதான் அடுத்த பெயர். இது அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

துரையின் நோட்டில் இருந்தது ஆயாக் கொட்டகைப் பட்டியல். அம்மாக்கள் பால்மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப் போவார்கள் இல்லையா, அந்தக் கொட்டகையில் பால் வாங்கிக் குடித்த பிள்ளைகளின் பெயர்கள். முப்பத்தொன்று. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு, கீழே சின்ன வால். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பழைய படைப் பட்டியலிலும் அதே கோடு, அதே வால். இருவருக்கும் நடுவில் எத்தனையோ தலைமுறை. நான் அந்தப் படத்தை மூடிவிட்டுக் கீழே இறங்கிப்போய் ஒரு கோப்பி குடித்தேன்.

அம்மையார் ஒரு யோசனையும் எழுதியிருந்தார். அவர்கள் வீட்டில் மூத்த மகனுக்கு முதல் கேப்டனின் பெயரைத்தான் வைப்பது வழக்கம். அதனால் அந்தக் காலிக் கட்டத்தில் நத்தானியல் என்று எழுதிவிடலாமா? அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார்கள். வழக்கத்தை நம்பிக் கட்டத்தை நிரப்பக்கூடாது, பொறுங்கள் என்று கொஞ்சம் மிடுக்காகவே பதில் போட்டேன். அந்த மிடுக்குக்குப் பின்னால் நன்றாக வாங்கிக்கொண்டேன்.

கோப்பெங் கடைத்தெருவில் கேப்டன் துரையைப் பற்றி இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்தேன். நான்காம் நாள் காலை ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நம் அலுவலக மாடிப்படி ஏறி வந்தாள். அவள் பெயர் சாந்தி, பத்து காஜா ஊரில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. அப்பா பெயர் பெருமாள். எழுபத்தைந்து இருக்கும். பால்மரம் சீவி, பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தவர். வெயிலில் கறுத்த உடம்பு, நம்மைப் போலத்தான். கண் மட்டும் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம்.

"உட்காருங்க, பெருமாள் ஐயா" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பினார், சிரித்தார், உட்கார்ந்தார்.

"காது மந்தமா?" என்று சாந்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"காதெல்லாம் நல்லாக் கேக்கும்க்கா. அப்பா எப்பவும் இப்படித்தான். ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவாரு."

"மொதத் தடவை கூப்பிடறது என்னை இல்லம்மா" என்றார் பெரியவர். "அது அவனை."

யாரை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜப்பான் காலத்துல தோட்டத்து லயத்து வூடுங்கள்ல காய்ச்சல் வந்துச்சு. என்னைப் பெத்தவ செத்துட்டா. அதே வாரம் பக்கத்து வூட்டுல பெருமாள்னு ஒரு பய, என் வயசுதான், அவனும் செத்துட்டான். அந்த நேரத்துல ஜப்பான்காரன் வந்து துரையோட பிள்ளை எங்கன்னு கேக்குறான். பெருமாளோட அம்மா என்ன பண்ணுச்சு, தன் பிள்ளைய விடியறப்ப லயத்துக்குப் பின்னால அழாம கொள்ளாம பொதைச்சுட்டு, என் மேல அடுப்புக்கரியைப் பூசி மடியில வச்சுக்கிச்சு. இதான் என் மகன் பெருமாள்னுச்சு. லயமே சேந்து ஆமான்னுச்சு. அந்தப் பய பொறந்தப்ப எடுத்த பொறப்புச் சூராட்டுதான் எனக்கு ஐசி கார்டு எடுக்க உதவுச்சு. நானா பெருமாள்? நான் இல்ல. என்னை வளத்த அந்த அம்மா சாவறப்பதான் இதையெல்லாம் சொல்லுச்சு. அப்ப எம் பேரு என்னன்னு கேட்டேன். 'மறந்துட்டேன்யா. வாய் தவறி வந்துரக்கூடாதுன்னு வேணும்னே மறந்தேன்'னுச்சு."

"அம்மா சொன்னதுக்கு அப்பறம்தான் ரெண்டாவது தடவை திரும்பற பழக்கமா?" என்று கேட்டேன்.

"இல்ல. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஏன்னு அம்மா சொன்னப்பதான் புரிஞ்சுச்சு. கூப்பிட்டதும் அவன் போவட்டும்னு நிப்பேன். அவன் போவலன்னா நான் திரும்புவேன். ஒருக்கா என் பொஞ்சாதி அடுப்படிலேர்ந்து கூப்பிட்டா. நான் வாசல்ல நின்னேன். ரெண்டாவது கூப்பாடு வரவே இல்ல. உள்ள போய் ஏன் கூப்பிட்டன்னு கேட்டேன். 'அதான் வாரேன்னு சொன்னியே, அப்பறம் என்ன'ங்கறா. நான் வாயே தொறக்கல."

சாந்தி தரையைப் பார்த்தாள். இந்தக் கதை அவளுக்குத் தெரியும் என்று புரிந்தது.

"எனக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு" என்றார் அவர். "வாரம் மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்றாங்க. ரொம்ப நாள் ஓடாது. அதுக்குள்ள இந்தப் பேரை அவன்கிட்டத் திருப்பிக் குடுத்துடணும். அவனுக்கு ஒரு படையல் கிடையாது. பேரைச் சொல்லிப் படைச்சா உசுரோட இருக்கற எனக்கு ஆகாதுன்னு அம்மா ஒரு தடவகூடப் படைக்கல. எழுபது வருசமா பட்டினி. ஆனா திருப்பிக் குடுக்கணும்னா எனக்குன்னு ஒண்ணு வேணுமில்ல? பேரில்லாத ஆளா எப்படிப் போறது?"

அமெரிக்க அம்மையாருக்கும் அவருக்கும் வேண்டியது அதே ஒரு பெயர்தான்.

படி இறங்கும்போது சாந்தி என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அப்பா கேட்டாருன்னு கூட்டியாந்தேன். ஆனா இது வெளிய போனா சுசா லா, பெரிய தொல்லை. அப்பா ஐசி வேற ஆளோடதுன்னு ஆயிட்டா நாங்க யாரு? எங்க பிள்ளைங்க யாரு? பொறப்புப் பத்திரம், அந்த சூராட் பெரானாக் இல்லாம பள்ளிக்கூடத்துக்கு அலையுற பிள்ளைங்கள தினமும் பாக்கறேன். அந்த நிலைமை என் பிள்ளைக்கு வரக்கூடாது." எந்த அரசாங்க அலுவலகத்துக்கும் இது போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் உறுத்தல் இல்லை. நாம் கண்டுபிடிக்கிற எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கொட்டியே ஆக வேண்டும் என்று எவனும் சட்டம் போடவில்லை.

இனி என் முட்டாள்தனம்.

அந்தப் பட்டியலை மேசையில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர் மட்டும்தான், பெற்றோர் பெயர் கிடையாது. ஒன்பதாவது பெயர் பெருமாள். ஆக, நம் ஆளும் அந்தக் கொட்டகையில்தான் இருந்திருக்க வேண்டும். எந்தப் பெயரில்? இருபத்தெட்டாவது வரியில் கண் நின்றது. வெள்ளையன். வெள்ளைக்காரத் துரைக்குப் பிறந்த பிள்ளை, வெள்ளையன். இதைவிட என்ன வேண்டும்? அச்சகம் அந்தப் பக்கம் நெருக்குகிறது, பெரியவர் உடம்பு இந்தப் பக்கம் நெருக்குகிறது. வழக்கத்தை நம்பாதே என்று அமெரிக்காவுக்குப் பாடம் எடுத்தவள், என் சாமர்த்தியத்தை நம்பிவிட்டேன். பத்து காஜாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, உங்க பேரு வெள்ளையன்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அழுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் சாந்தி கூப்பிட்டாள். "அக்கா, அப்பா இப்ப எந்தப் பேருக்கும் திரும்ப மாட்டேங்கறாரு. பெருமாள்னு ரெண்டு தடவை, மூணு தடவை கூப்பிட்டாலும் திரும்பல. வெள்ளையன்னாலும் திரும்பல. 'அப்பா'ன்னாகூடப் பாக்க மாட்டேங்கறாரு. சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பயமா இருக்குக்கா."

அடுத்த நாளே இன்னொரு அழைப்பு. கனத்த குரல். "ஈப்போவுல பேர் தேடிக் குடுக்கற அம்மாவா? நான் வெள்ளையன் பேசுறேன்."

கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை.

"எங்க பேசுறீங்க?" என்று எப்படியோ கேட்டேன்.

"பாகான் செராய்ல. பழைய தோட்டத்து ஆளுங்க மூலமா விஷயம் வந்துச்சு. எம் பேரை யாருக்கோ குடுத்துட்டீங்களாமே?"

அன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு போனேன். வயல் நடுவில் வீடு. வெள்ளையன் அடுப்புக்கரி நிறத்தில், ஆறடி உயரத்தில், முழு ஆரோக்கியமாக வாசலில் நின்றார். "எங்கம்மாவுக்கு ஆசை லா, இப்படிப் பேர் வச்சுட்டா" என்று அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தவன் பெயரைச் சுமந்துகொண்டிருந்த மனிதருக்கு, உயிரோடிருப்பவர் பெயரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"சண்டை போட வரச் சொல்லல" என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது. "அஞ்சாறு நாளா யாரோ என்னை வெளியேர்ந்து கூப்பிடறாங்க. பட்டப்பகல்ல. பொம்பளைக் குரல், சில நேரம் ஆம்பளைக் குரல். போய்ப் பாத்தா வயல்தான் இருக்கு. என் மருமகளும் கேட்டுச்சு. அதை நிப்பாட்டுங்கம்மா. இந்த வயசுல தெரியாதவங்க கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிடப் போறேன்."

அவர் முன்னாலேயே சாந்தியைக் கூப்பிட்டு, அந்தப் பெயரை இனி வாயில் எடுக்க வேண்டாம் என்றேன். பிறகு அவரிடம் கேட்டேன், அந்தப் பிள்ளையை ஞாபகம் இருக்கிறதா என்று.

"பூனைக்கண்ணுப் பய. இருந்தான். பேர் ஞாபகமில்ல. ஒரே வயசுல முப்பது பிள்ளை. எங்களுக்கு எங்க பேரு ஒண்ணுதான் தெரியும். ஆயா வரிசையாக் கூப்பிடும். அவங்கவங்க பேரு வந்ததும் மங்குக் கோப்பையை நீட்டுவோம். பேரு வராம நீட்டினா கையில ஒரு அடி. துரை நோட்டும் கையுமா பக்கத்துல நிப்பாரு."

கேளுங்கள், இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது. அந்தப் பட்டியல் கண்ணால் படிக்க எழுதப்பட்டது அல்ல. அது கூப்பிட எழுதப்பட்டது. பதில் சொல்ல வேண்டிய ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் என் மேசையில் மௌனமாக மூன்று நாள் படித்திருக்கிறேன். இத்தனை வருட அனுபவத்துக்கு அந்த மூளை போதாமல் போயிற்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பத்து காஜா போனேன். பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி. முகத்தில் சவரம் இல்லை. சாந்தி ஒரு மங்குக் கோப்பையை எடுத்து வந்து, அவர் கையில் கொடுக்கட்டுமா என்றாள். உள்ளே வைக்கச் சொன்னேன். நாம் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. எந்தப் பெயருக்கும் குரல் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. சாந்தியைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, பட்டியலை வாய்விட்டுக் கூப்பிட ஆரம்பித்தேன்.

முதல் எட்டுப் பெயர். ஒன்றுமில்லை. ஒன்பதாவது, பெருமாள். அவர் அசையவில்லை. அடுத்த பெயருக்குப் போக வாய் திறந்தேன், முடியவில்லை. ஒரு பிள்ளை எழுந்து நாலு அடி நடந்து வந்து கோப்பையை நீட்ட எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு பத்தாவது, பதினொன்றாவது. இருபது தாண்டியது. வெளியில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"காத்தமுத்து."

அவர் வலது கை எழுந்தது. முகம் திரும்பவில்லை, கண் சுவரிலேயே இருந்தது. கை மட்டும் நீண்டு, விரல்கள் எதையோ பிடித்த மாதிரி வளைந்து நின்றன. அந்த விரல்களுக்கு நடுவில் ஒரு கோப்பையின் அளவு காற்று இருந்தது.

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. மீதிப் பெயர்களையும் படித்தேன், இருபத்தெட்டாவது வெள்ளையனைத் தவிர. அந்த மனிதரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கை இறங்கவில்லை. முதல் தடவை வந்தது தற்செயலாக இருக்கலாம் இல்லையா? அதனால் கடைசியிலிருந்து தலைகீழாக மறுபடி படித்தேன். முதல் பெயருக்கே கை மடியில் இறங்கியது. காத்தமுத்து வந்ததும் மறுபடி எழுந்தது.

"பால் சூடா இருக்கு" என்றார். எழுபத்தைந்து வயதுக்காரரின் குரல் அல்ல அது. "ஊதிக் குடுங்க."

சாந்தி எழுந்து ஓடிவந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் பிடித்தாள். அப்போதுதான் அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பேரு படிச்சீங்க? இன்னொருக்கா படிங்க" என்றார், தன் சொந்தக் குரலில். படித்தேன். அன்றைக்கு எத்தனை தடவை படித்தேன் என்று நினைவில்லை. நானும் அழுதேன். இந்த வேலையில் அழக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அம்மையாருக்கு எழுதினேன். அப்பாவிடமும் மகளிடமும் கேட்டுவிட்டு, பெயர் மட்டும். அதன் பிறகு வாழ்ந்த இடம், பிள்ளைகள், எதுவும் இல்லை. அவற்றைக் கேட்க வேண்டாம் என்றும் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நத்தானியலை அடித்துவிட்டேன், காத்தமுத்து என்பதை எப்படி உச்சரிப்பது என்று சொல்லுங்கள், வாய்விட்டுப் படிக்கப் போகிறேன் என்று. அந்த அம்மையாரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அதன்பின் பெரியவர் ஐந்து வாரம் இருந்தார். முதல் கூப்பாட்டுக்கே திரும்பினார். பேரப்பிள்ளைகள் காத்தமுத்துத் தாத்தா என்று சும்மாவே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓடி ஒளிவார்களாம். ஒரு காலை வேளையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவர் எழவில்லை. சடங்கு செய்ய வந்த பண்டாரம் பெயர் கேட்டபோது சாந்தி தயங்கவே இல்லை, காத்தமுத்து என்றாள். அந்தப் பெயரில்தான் அவரை அனுப்பினார்கள். அரசாங்கத்தின் மரணச் சான்றிதழில் மட்டும் பெருமாள் என்று இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதிலும் தப்பில்லை. அழாமல் புதைக்கப்பட்ட அந்தப் பையனுக்கு எழுபது வருடம் கழித்து ஒரு சான்றிதழ் கிடைத்தது.

கருமாதி முடிந்த மறுநாள் சாந்தி என்னைக் கூப்பிட்டாள். "அப்பா சொன்ன அந்தப் படையல் பாக்கி இருக்குக்கா. நீங்களும் வரணும்."

முற்பகலில் போனோம். பால்மரம் எல்லாம் எப்போதோ போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். லயம் இருந்த இடத்தில் ஒரு சிமென்ட் தரையின் துண்டு மட்டும் மிச்சம். அதற்குப் பின்னால், புதைத்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று சாந்தி ஒரு மேட்டைக் காட்டினாள். வாழையிலை போட்டுச் சோறு, வாழைப்பழம், பிள்ளை என்பதால் இனிப்பு, ஒரு கோப்பையில் சூடான பால். கற்பூரம் ஏற்றினாள். இனி பெயரைச் சொல்லி, வந்து சாப்பிடு என்று கூப்பிட வேண்டும்.

அவளால் முடியவில்லை. "பொறந்ததுலேர்ந்து இது அப்பா பேருக்கா. அப்பா பேரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவேன்? வாயில வர மாட்டேங்குது. நீங்க கூப்பிடுங்க."

செம்பனைக்குள் காற்றே இல்லை. கற்பூரச் சுடர் நேராக நின்றது. இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பெருமாள்" என்றேன்.

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு எங்களுக்குப் பின்னால், சிமென்ட் தரைப் பக்கத்திலிருந்து, ஓடி வந்து மூச்சு வாங்கும் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. "வாரேன்."

சாந்தி என் கையைப் பிடித்தாள். இருவருமே திரும்பவில்லை. பிறகு அவள் குனிந்து பால் கோப்பையை எடுத்து, தன் பிள்ளைக்கு ஊதுவதைப் போல இரண்டு தடவை ஊதி, இலைக்குப் பக்கத்தில் மறுபடி வைத்தாள்.

"சாப்பிடுப்பா, பெருமாள்" என்றாள். "அப்பா போய்ட்டாரு. இனிமே இந்தப் பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் அது உன்னைத்தான்."